மாசாமாசம் கட்டினது வாடகையா, வீட்டு விலையா? (மட்டக்குளி மாடிவீடு)

மட்டக்குளி_7ஆம்மாடி எழுதியது:

ஒரு சந்தேகம், அதோடு கொஞ்சம் எரிச்சலும். நீளமாகத்தான் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நாங்கள் இருப்பது மட்டக்குளிப் பக்கம் யூடிஏ (நகர அபிவிருத்தி அதிகார சபை) கட்டின மாடிவீடு ஒன்றில், 7ஆம் மாடி. 2014இல் வந்தோம். அதற்கு முந்தி கிராண்ட்பாஸ் பக்கம் ஒரு தோட்டத்தில் (கொழும்பில் நெருக்கமான சின்ன வீடுகள் உள்ள குடியிருப்புக்கு அப்படித்தான் சொல்வோம்) இருந்தோம். அப்பா நாலாங் குறுக்குத்தெருவில் நாட்டாமை (மூட்டை தூக்குகிற வேலை, இந்தியாவிலிருந்து வாசிக்கிறவர்கள் ஊர்ப் பெரியவர் என்று நினைத்துவிடாதீர்கள்), அம்மா விடியப்புறம் இடியப்பம் அவித்துக் கடைகளுக்குப் போடுகிறவர். தோட்டத்தை உடைக்கப் போகிறோம், மாடியில் வீடு தருகிறோம் என்றார்கள், வந்தோம். வரும்போது ஒரு இலட்சம் கட்டச் சொன்னார்கள். அம்மா சீட்டுக் காசை எடுத்துக் கட்டினார். அப்புறம் மாசம் 3,960 ரூபாய், 20 வருஷத்துக்கு. கூட்டிப் பாருங்கள், 10 இலட்சத்து 50 ஆயிரத்து 400 வரும். "வீட்டுக் காசு" என்றுதான் எல்லோரும் சொன்னார்கள், நாங்களும் அப்படித்தான் சொல்லிச் சொல்லிக் கட்டினோம்.

2023 நவம்பர் 13ஆம் திகதி வரவு செலவுத் திட்டத்தை வாசிக்கும்போது அப்போதைய ஜனாதிபதி ரணில் என்ன சொன்னார்? கொழும்பில் அரசாங்க மாடிகளில் இருக்கும் 50,000 குறைந்த வருமானக் குடும்பங்களுக்கு முழு உரிமை கொடுப்போம், 2024 ஜனவரியிலிருந்து வாடகை எடுக்க மாட்டோம் என்றார். மாடி முழுக்கப் பட்டாசு. அம்மா மட்டும் கேட்டார்: "வாடகையா? நாங்க எப்ப வாடகை கட்டினோம்?"

எனக்குப் பதில் தெரியவில்லை. வாடகை என்றால், மொத்தம் பத்து இலட்சம் என்று ஏன் கணக்குச் சொன்னார்கள்? வாடகைக்கு ஏது மொத்தம்? விலை என்றால், கிட்டத்தட்ட பத்து வருஷம் கட்டி ஐந்து இலட்சத்துக்கு மேல் கொடுத்த எங்களுக்கும், முதல் வருஷத்தோடு நிறுத்திய பக்கத்து வீட்டுக்காரருக்கும் எப்படி ஒரே உறுதி (சொத்துப் பத்திரம்)? அந்த உறுதியையும் எங்கள் மாடியில் இன்னும் ஒருவரும் கண்ணால் காணவில்லை. சைன் வைத்த பைல் நாலு பக்கம், முழுக்கச் சிங்களம். எனக்கு பஸ் போர்டு வாசிக்கிற சிங்களம் தெரியும், சட்டச் சிங்களம் தெரியாது. தமிழில் தாருங்கள் என்று கேட்டதற்கு, முதலில் கையெழுத்து வையுங்கள் பிறகு பார்ப்போம் என்றார்கள். அந்தப் பிறகு இன்னும் வரவில்லை.

இதே நிலையில் வேறு யாரும் இருந்தால் எழுதுங்கள்.

வெள்ளவத்தை_வாடகைக்காரன் எழுதியது:

தம்பி, கோபிக்கக் கூடாது, நேரடியாகவே சொல்கிறேன்.

நான் வெள்ளவத்தையில் ஒரு அனெக்ஸில் குடும்பத்தோடு இருக்கிறேன். ஒரு வருஷ அட்வான்ஸ் கேட்டு ஆறு மாசத்துக்குப் பேசி முடித்த இடம். வீட்டுக்காரர் ஒவ்வொரு வருஷமும் ஏற்றுகிறார், ஏற்றாவிட்டால் "மகள் லண்டனிலிருந்து வருகிறா, வீடு தேவை" என்கிறார். அந்த மகள் ஐந்து வருஷமாக வந்துகொண்டே இருக்கிறா. எனக்கு யார் 3,960க்கு வீடு தருவார்கள்? கொழும்பு எல்லைக்குள் பத்து இலட்சத்துக்கு, வட்டியில்லாமல், 20 வருஷத் தவணையில்? அதையும் பாதியில் நிறுத்தி இலவசம் என்று சொன்ன அதே 2024 ஜனவரியில்தான் வற் வரியை 15இலிருந்து 18 வீதமாக்கினார்கள். நான் வாங்குகிற கேஸ் சிலிண்டரிலிருந்து பிள்ளையின் கொப்பி வரைக்கும் கட்டுகிறேன். உங்கள் வீடு எங்கள் காசு என்று சொல்ல வரவில்லை, ஆனால் கொஞ்சம் அப்படித்தான்.

மாடிவீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு வேறெங்கேயோ இருக்கிறவர்களை எனக்கே தெரியும். திருத்துவதென்றால் அங்கிருந்து தொடங்குங்கள்.

கொம்பனித்தெருப்பிள்ளை எழுதியது:

வெள்ளவத்தை நானா, உங்கள் வீட்டுக்காரரை நினைத்து எனக்கும் கோபம் வருகிறது. ஆனால் "இலவசம்" என்ற சொல்லை மட்டும் கொஞ்சம் கீழே வையுங்கள்.

எங்கள் வீடு கொம்பனித்தெருவில் 2 பேர்ச்சஸ். சிரிக்காதீர்கள், இரண்டே இரண்டுதான். 544 சதுர அடி நிலம், வாப்பா மேலே ஒரு தட்டுப் போட்டார், ஆக ஆயிரம் சதுர அடிக்குக் கிட்ட. கீழே உம்மாவும் நானும், மேலே நானாவின் குடும்பம், பின்னறையில் மாமி. மூன்று அடுப்பு. உம்மும்மா அதே வீட்டில் வாடகைக்கு இருந்தவங்க. 1973இல் வீட்டுச் சொத்து உச்சவரம்புச் சட்டம் வந்தபோது, பல வீடு வைத்திருந்த முதலாளியிடமிருந்து அந்த வீடு கழன்று எங்கள் பக்கம் வந்தது. உறுதி இருந்தது, வரிப்பணத் துண்டு இருந்தது, முனிசிபல் தண்ணி பில் எங்கள் பேரில் வந்தது. எங்களையும் சேர்த்துத்தான் பத்திரிகையில் "குடிசைவாசிகள்" என்று எழுதினார்கள்.

2010 மே 8ஆம் திகதி மியூஸ் வீதியில் வீடுகளை உடைத்தது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். பொலிஸும் ஆமியும் நின்றது. அந்த வருஷம்தான் நகர அபிவிருத்தி பாதுகாப்பு அமைச்சின் கீழ் போனது, அதாவது வீடு கட்டுகிற விஷயம் யுத்தம் செய்த அமைச்சின் கையில். நாங்கள் பக்கத்து ஒழுங்கை. அதைப் பார்த்த பிறகு எங்கள் ஒழுங்கையில் யார் வழக்குப் பேசுவார்கள்? எங்கள் முறை வந்தபோது வாயை மூடிக்கொண்டு சாமான் கட்டினோம்.

மூன்று அடுப்பு இருந்த வீட்டுக்குக் கிடைத்தது நானூறு சொச்ச சதுர அடியில் ஒரே ஒரு வீடு. நானா குடும்பம் இப்போது வத்தளையில் வாடகைக்கு. மாமி எங்களோடு, ஹோலில் படுக்கிறா.

எங்கள் கொழும்பு 2இல் ஒரு பேர்ச் இன்றைக்கு என்ன விலை போகிறது என்று நீங்களே போட்டுப் பாருங்கள், இரண்டால் பெருக்குங்கள், அப்புறம் யார் யாருக்கு மானியம் கொடுத்தது என்று சொல்லுங்கள்.

கணக்கு_டீச்சர் எழுதியது:

போட்டுப் பார்த்தேன், தொழில் புத்தி.

யூடிஏ தன் திட்டத்தைத் தொடங்கும்போது சொன்ன கணக்கு: நகரத்துக்குள் 68,000க்கு மேல் குடும்பங்கள் வசதி குறைந்த குடியிருப்புகளில், அவர்கள் இருக்கும் நிலம் ஏறக்குறைய 900 ஏக்கர். ஏக்கருக்கு 160 பேர்ச். 1,44,000 பேர்ச்சை 68,000ஆல் வகுத்தால் குடும்பத்துக்கு இரண்டு பேர்ச்சும் கொஞ்சமும். பாதை, வாய்க்கால், பொதுக் குழாய் எல்லாம் அதற்குள். கொம்பனித்தெருப் பிள்ளையின் 2 பேர்ச்சஸ் அச்சொட்டான சராசரி!

2012 சனத்தொகைக் கணக்கில் மாநகர எல்லைக்குள் ஐந்தரை இலட்சம் பேர் சொச்சம். 68,000 குடும்பம் என்றால் அதில் பாதிக்குக் கிட்ட வந்துவிடும். நகரத்து ஆட்களில் பாதிப்பேர் நிலத்தில் பத்தில் ஒரு பங்கில் ஒடுங்கிக் கிடந்தார்கள். அவர்களை மேலே அடுக்கிவிட்டு அந்தப் பத்தில் ஒரு பங்கையும் விடுவிப்பதுதான் திட்டம். விடுவித்த காணியை முதலீட்டுக்குக் கொடுத்து அதில் வருகிற காசில் வீடு கட்டுவது என்றுதான் ஆரம்பத்திலேயே சொன்னார்கள், ஒளித்துச் செய்யவில்லை. ஆக இது ஒரு பண்டமாற்று. பண்டமாற்றில் ஒரு பக்கத்தின் பண்டத்தை மட்டும் நிறுத்துப் பார்த்து, மற்றப் பக்கத்தை "ஆக்கிரமித்த இடம்" என்று சொல்லிப் பூச்சியம் போட்டால் அதற்குப் பெயர் மானியம் இல்லை.

ஆனால் வாடகைக்காரர் சொல்வதிலும் ஒரு நியாயம் இருக்கிறது. உறுதி இருந்த கொம்பனித்தெருவும், உறுதியே இல்லாத வாய்க்கால் கரையும் ஒன்றல்ல. இரண்டுக்கும் ஒரே விலை, ஒரே வீடு, ஒரே பத்து இலட்சம் என்று போட்டதுதான் முதல் பிழை.

155_முன்சீட் எழுதியது:

விலையெல்லாம் இருக்கட்டும். மட்டக்குளியிலிருந்து காலையில் 155இல் ஏறி பம்பலப்பிட்டிக்கு வேலைக்குப் போகிறவனிடம் கேளுங்கள் கொழும்பு எல்லைக்குள் இருப்பது எப்படியென்று. முதலில் பஸ் விடச் சொல்லுங்கள்.

கொச்சிக்கடை_ஓய்வூதியன் எழுதியது:

பிள்ளைகள் 2010க்கு முன்னால் எதுவுமே நடக்காத மாதிரிக் கதைக்கிறீர்கள். நான் முனிசிபலில் 31 வருஷம் பேனா பிடித்தவன், இந்தத் தோட்டங்களை வீடு வீடாக நடந்து எண்ணியவன், கொஞ்சம் சொல்கிறேன்.

உம்மும்மாவுக்கு வீடு கிடைத்த அந்த 1973 சட்டம் பீற்றர் கெனமன் வீடமைப்பு அமைச்சராக இருந்தபோது வந்தது, கம்யூனிஸ்ட் ஆள். அதே வருஷம்தான் பொது வசதிகள் சபைச் சட்டமும் மாடிவீட்டு உரிமைச் சட்டமும் வந்தன. இன்றைக்கு நீங்கள் இழுபடுகிற கேள்வி எல்லாம் அங்கேதான் தொடங்குகிறது.

அப்புறம் பிரேமதாச, பிற்பாடு ஜனாதிபதி ஆனவர். அவரைப் பற்றி ஆளுக்கொரு அபிப்பிராயம் இருக்கும், எனக்கும் உண்டு, இங்கே வேண்டாம். 1978இல் இலட்சம் வீடு என்று தொடங்கினார், அரசாங்கமே கட்டிக் கொடுத்தது, செலவு தாங்கவில்லை. 1984இல் பத்து இலட்சம் வீடு என்று வந்தபோது வழியை மாற்றினார்கள். நாங்கள் கட்ட மாட்டோம், நீ கட்டு, சின்னக் கடன் தருகிறோம், காணியை அளந்து தருகிறோம், வாய்க்காலும் குழாயும் போட்டுத் தருகிறோம் என்றார்கள். சட்டப்படி ஒரு வீட்டுக்குக் குறைந்தது 6 பேர்ச்சஸ் வேண்டும். அந்தத் தோட்டங்களை விசேட திட்டப் பிரதேசம் என்று அறிவித்து 2 பேர்ச்சஸ் போதும் என்று தளர்த்தினார்கள். நவகம்புரவைப் போய்ப் பாருங்கள், இன்றைக்கு அங்கே மூன்று மாடி வீடுகள் நிற்கின்றன, அவனவன் தன் கையால் உயர்த்தியது.

ஒரு நாள் எனக்கு நல்ல ஞாபகம். துண்டுக் காணி பிரிக்கிற கூட்டம், வெயில், எல்லோரும் நிலத்தில் கயிறு போட்டு அளக்கிறார்கள். ஒரு கிழவி தன் துண்டின் மூலையில் நின்ற முருங்கையை வெட்டவிடாமல் அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நிற்கிறா. அளவைக்காரன் தலையில் கை வைத்தான். கடைசியில் ஒழுங்கையை ஒரு முழம் வளைத்தார்கள். இன்றைக்கும் அந்த ஒழுங்கை அந்த இடத்தில் வளைந்துதான் போகிறது. பன்னிரண்டு மாடிப் பிளானில் எந்தக் கிழவிக்கு எதை வளைக்க முடியும்?

எல்லாம் பொற்காலம் என்று சொல்லவில்லை. கடனை நிறையப் பேர் திருப்பிக் கட்டவில்லை, கட்சிக்காரனுக்கு முதல் துண்டு, மழை பெய்தால் முழங்கால் வரைக்கும் தண்ணீர். முடுக்கு முடுக்குத்தான். (அந்தச் சொல்லைச் சிங்களத்திலும் அப்படியே வைத்திருக்கிறார்கள் பாருங்கள், கொழும்பில் நாங்கள் கொடுத்துப் போன சொத்து.)

பம்ப்_அறை எழுதியது:

நான் தனியார் மாடிக்கட்டடங்களில் மெயின்டனன்ஸ் பார்க்கிறவன், இரண்டு வருஷம் அரசாங்க மாடி ஒன்றிலும் கொன்ட்ராக்ட்டில் வேலை செய்தேன். இழையைத் தொடங்கிய தம்பியின் கேள்விக்கு நேராக வருகிறேன்.

உறுதி ஏன் தாமதம்? நிலத்தில் இருக்கிற வீட்டுக்கு உறுதி எழுதுவது போல 7ஆம் மாடியில் இருக்கிற காற்றுக்கு எழுத முடியாது. முழுக் கட்டடத்துக்கும் மாடிவீட்டுச் சட்டப்படி ஒரு பிளான் வரைந்து, எது யாருடைய வீடு, எது பொது (படி, லிஃப்ட், கூரை, தண்ணீர்த் தாங்கி), யாருக்கு எத்தனை பங்கு என்று பிரித்துப் பதிய வேண்டும். அது பதிந்தால்தான் தனித்தனி உறுதி. அது பதியும்போதுதான் வீட்டுக்காரர்கள் எல்லோரும் சேர்ந்த முகாமைத்துவக் கூட்டுத்தாபனமும் பிறக்கிறது. லிஃப்ட், பம்ப், வாளி, விளக்குமாறு எல்லாம் அதன் பொறுப்பு. பட்டாசு கொளுத்தினவர்களுக்கு இந்த இரண்டாவது பாதியை யாரும் சொல்லவில்லை. உறுதி வருகிற அன்றைக்கு லிஃப்டும் உங்கள் தலையில் வருகிறது.

லிஃப்ட் ஒன்றை மாதாமாதம் சேர்விஸ் பண்ணாவிட்டால் என்ன நடக்கும்? முதலில் கதவு. வீட்டுச் சாமான் ஏற்றும்போது கதவு மூடாமல் செங்கல் வைப்பார்கள், கதவுக்குக் கீழே இருக்கிற தண்டவாளத்தில் மண் சேரும், கதவு முழுசாக மூடாது, மூடாவிட்டால் லிஃப்ட் நகராது. ஆட்கள் கையால் தள்ளுவார்கள், ரோலர் போகும். ஒரு சின்ன ரோலருக்காக மூன்று மாசம் நின்ற லிஃப்டை நான் பார்த்திருக்கிறேன். ரோலர் வாங்குகிற காசுக்கு எந்த ஒபிஸில் யார் கையெழுத்து வைப்பது என்று தெரியாமல்தான் அந்த மூன்று மாசம் போனது. இன்னொன்று, லிஃப்ட் ஓடினாலும் சவப்பெட்டி அதற்குள் போகாது. அளவு எடுத்தவன் யாரும் மாடியில் சாக மாட்டார்கள் என்று நினைத்திருக்கிறான்.

மட்டக்குளி_7ஆம்மாடி எழுதியது:

அங்கிள், பம்ப் அண்ணே, கொம்பனித்தெரு ராத்தா, எல்லோருக்கும் நன்றி. செங்கல் வைத்ததில் நானும் ஒருவன், ஒத்துக்கொள்கிறேன்.

2022ஐ மட்டும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் மாடி என்றால் என்ன என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கறண்ட் இல்லை. லிஃப்ட் நின்றது. அதைவிட, பம்ப் நின்றது. தாங்கியில் இருந்த தண்ணீர் முடிந்த பிறகு கீழேயிருந்து கேனில் தூக்கினோம், ஏழு மாடி. அப்பாவுக்கு 40 வருஷம் மூட்டை தூக்கின முதுகு. அந்த மனுஷன் இரண்டாம் மாடிப் படியில் உட்கார்ந்துவிட்டார்.

அப்புறம் கேஸ். தோட்டத்தில் இருக்கும்போது அம்மா விறகில்தான் அவிப்பார், அப்பா புறக்கோட்டையிலிருந்து உடைந்த பெட்டிப் பலகைகளைக் கொண்டுவருவார், எரிப்பதற்குச் செலவே இல்லை. மாடிக்கு வந்ததும் புகைக்கு இடமில்லை, கேஸுக்கு மாறினார், இலாபத்தில் பாதி சிலிண்டருக்கே போனது. 2022இல் அதுவும் இல்லை. ஒரு நாள் விடியப்புறம் இரண்டரை மணிக்குப் பார்த்தால் அம்மா இல்லை. கீழே வாகனம் நிறுத்துகிற இடத்தில் மூன்று செங்கல், இடியப்பத் தட்டு அடுக்கு, டோர்ச்சை வாயில் பிடித்துக்கொண்டு மா பிழிகிறார். செக்யூரிட்டி வந்து சத்தம் போட்டான். அடுத்த நாள் 4ஆம் மாடி அக்கா ஒருவர் அடுப்போடு வந்தார், அதற்கடுத்த நாள் அப்பக்கார நோனா ஒருவர். இரண்டு கிழமைக்குள் அங்கே பதினொரு அடுப்பு. செக்யூரிட்டி இடியப்பம் வாங்கத் தொடங்கினான், கதை முடிந்தது. அந்த மாசங்களில் கார் பார்க் எங்கள் பழைய தோட்டம் மாதிரியே இருந்தது, சண்டை உட்பட.

கேஸ் வந்ததும் அடுப்பை எடுக்கச் சொல்லி நோட்டீஸ் ஒட்டினார்கள். அதுவும் சிங்களத்தில்.

வெள்ளவத்தை_வாடகைக்காரன் எழுதியது:

வாசித்தேன். அம்மாவின் கதை மனதுக்கு வந்தது, மறைக்கவில்லை. ஆனால் நான் கேட்ட கேள்விக்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை: வாடகைக்கு விடுகிறவர்கள்?

சிங்கப்பூரைப் பாருங்கள். 1960இல் வீடமைப்புச் சபை தொடங்கினார்கள், இன்றைக்கு அங்கே ஐந்தில் நாலு பேர் அரசாங்க மாடியில். விதி விதிதான்.

சென்னை_போய்வந்தவன் எழுதியது:

சிங்கப்பூர் வந்துவிட்டது. எந்த இழையும் இரண்டாம் பக்கத்தைத் தாண்ட முன்னம் சிங்கப்பூர் வந்துவிடும். யாராவது லீ குவான் யூ கொழும்பைப் பார்த்து ஆசைப்பட்ட கதையையும் சொல்லிவிடுங்கள், முடித்துவிடலாம்.

நான் சென்னையில் மூன்று வருஷம் வேலை செய்தேன். அங்கே 1970இல் தொடங்கின குடிசை மாற்று வாரியம், 2021இல் பெயரை நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று மாற்றினார்கள். பெயர் அழகாக இருக்கிறது. கண்ணகி நகர், பெரும்பாக்கம் என்று நகரத்தின் நடுவிலிருந்து ஆற்றங்கரைச் சனத்தைத் தூக்கி வெகுதூரம் தள்ளிக் கொண்டுபோய் வைத்தார்கள். வீட்டுவேலை செய்த பெண்களுக்கு பஸ் காசு கொடுத்தால் சம்பளத்தில் மிச்சம் இல்லை, வேலையை விட்டார்கள். அதோடு பார்த்தால் கொழும்பில் பெரும்பாலும் நகர எல்லைக்குள்ளேயே வைத்தது எவ்வளவோ மேல். கொழும்புக்காரர்கள் அடிக்கடி மறந்துவிடுகிற ஒரு நல்ல விஷயம், எழுதி வைக்கிறேன். (155காரர் அடிக்க வருவார், தெரியும்.)

வாடகைக்கு விடுவது பற்றி: அங்கேயும் அதே புகார்தான். விசாரித்துப் பார்த்தால் வேலை இருக்கிற இடத்துக்குப் பக்கத்தில் ஒரு அறை எடுத்துக்கொண்டு, இந்த வீட்டு வாடகையில் அந்த வாடகையைக் கட்டுகிறான். அவன் முதலாளி ஆகிவிடவில்லை. எங்கள் மாடிகளிலும் அப்படித்தான் இருக்கும்.

கொம்பனித்தெருப்பிள்ளை எழுதியது:

அப்படித்தான். எங்கள் 9ஆம் மாடியில் ஒருவர் வீட்டை விட்டுப் போனார், மீன்காரர். விடியற்காலை இரண்டு மணிக்கு பேலியகொட மீன் மார்க்கட்டுக்குப் போக வேண்டும், சைக்கிள் பெட்டியை லிஃப்டில் ஏற்ற விடவில்லை, கீழே வைத்தால் காணாமல் போனது, இரண்டு பெட்டி போனது. மனுஷன் வீட்டைப் பூட்டாமல் நேர்சிங் படிக்கிற பிள்ளைகளுக்கு விட்டுவிட்டு பேலியகொடயிலேயே அறை எடுத்தார். இவர் குற்றவாளியா? கூட்டமாகப் பத்து வீடு வைத்து வாடகை வாங்குகிறவர்களும் இருக்கிறார்கள், அவர்கள் யார் என்று மாடியில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும், அவர்களுக்கு மட்டும் நோட்டீஸ் வராது. விதி விதி என்கிறீர்களே நானா, விதி முதலில் மீன்காரரைத்தான் பிடிக்கும்.

பம்ப்_அறை எழுதியது:

சிங்கப்பூரில் பார்க்க வேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது, அது விதி அல்ல. 99 வருஷக் குத்தகை வீடாக இருந்தாலும் ஒவ்வொரு வீட்டுக்காரரும் மாசாமாசம் நகர மன்றத்துக்குப் பராமரிப்புக் காசு கட்டுகிறார். அதில் ஒரு பங்கை எடுத்து வைப்பு நிதியாக ஒதுக்கியே தீர வேண்டும். லிஃப்ட் மாற்ற, கூரை போட, பெயின்ட் அடிக்க அந்தக் காசு காத்திருக்கும்.

இங்கே என்ன நடந்தது? தம்பியின் அம்மா கட்டின 3,960 எங்கே போனது? கட்டடம் கட்ட எடுத்த கடனுக்கு, பெரிய கணக்கு ஒன்றுக்கு. அந்தக் கட்டடத்தின் லிஃப்டுக்கென்று அதில் ஒரு சதம் தனியாக நின்றதா? நான் வேலை செய்த இடத்தில் நின்றதில்லை. 2024இல் அந்த வரவும் நின்றது. இனி உறுதியும் கொடுத்துவிட்டால், பத்து வயதான லிஃப்ட், பத்து வயதான பம்ப், வைப்பு நிதி பூச்சியம். பழைய மாடிகளில் கழிவுநீர்க் குழாயில் அரசமரம் முளைத்து நிற்கிறதே, அதெல்லாம் உறுதி கொடுத்த வீடுகள்தான்.

என்னைக் கேட்டால் திருத்தம் என்பது இவ்வளவுதான்: உறுதி கொடுங்கள், ஆனால் கொடுக்கும்போதே கட்டடத்தின் பேரில் ஒரு வங்கிக் கணக்கைத் திறந்து, இதுவரை அறவிட்டதில் ஒரு பங்கைப் போட்டுக் கொடுங்கள். புதிதாக ஆசிய உட்கட்டமைப்பு முதலீட்டு வங்கியின் 20 கோடி டொலர் கடனில் 5,500 வீடு கட்டுவதாக 2019இல் ஒப்புக்கொண்டார்கள். கட்டுகிற கடன் கேட்கிறவர்கள், லிஃப்டுக்கு 30 வருஷத்துக்கு என்ன வழி என்றும் அதே பேப்பரில் எழுத வேண்டும்.

கணக்கு_டீச்சர் எழுதியது:

அதோடு கட்டினவர், கட்டாதவர் பிரச்சினையும் அங்கேயே தீரும். ஒருவர் இதுவரை கட்டிய தொகையை அவருடைய பராமரிப்புக் காசில் முற்பணமாகக் கழியுங்கள். தம்பியின் வீடு ஐந்து இலட்சம் கட்டியிருந்தால் பல வருஷத்துக்கு அவர்கள் கட்ட வேண்டாம். கட்டாதவர் இன்றிலிருந்து கட்டட்டும். யாரையும் வீட்டை விட்டு விரட்டத் தேவையில்லை, யாரும் ஏமாந்ததாகவும் நினைக்கத் தேவையில்லை.

வெள்ளவத்தை_வாடகைக்காரன் எழுதியது:

இதற்கு நான் கை தூக்குகிறேன். ஆனால் கட்ட முடியாத விதவைக் குடும்பத்துக்கு யார் கட்டுவது என்று கேட்டால் மறுபடி என் வற் வரிக்குத்தான் வருவீர்கள், எழுதி வையுங்கள்.

கொச்சிக்கடை_ஓய்வூதியன் எழுதியது:

வருவோம் தம்பி. அதற்குத்தானே வரி.

மட்டக்குளி_7ஆம்மாடி எழுதியது:

மாசம் ஆயிரமோ ஆயிரத்து ஐந்நூறோ கட்ட அம்மா ரெடி, கேட்டுவிட்டேன். அவருடைய ஒரே நிபந்தனை, காசு புத்தகத்தின் கொப்பியை மாசாமாசம் லிஃப்டுக்குப் பக்கத்தில் ஒட்ட வேண்டும். "சீட்டுப் பிடிக்கிற பொம்பிளையே கணக்குக் காட்டுறா, இவங்களுக்கு என்ன?" என்கிறார்.

நேற்று ராத்தாவுக்கு பைலின் நாலு பக்கத்தையும் ஐடி நம்பரை மறைத்துவிட்டுப் படம் எடுத்து அனுப்பினேன். அவங்க வாசித்துச் சொன்னதை இங்கே போடச் சொல்லியிருக்கிறேன்.

கொம்பனித்தெருப்பிள்ளை எழுதியது:

வாசித்தேன் தம்பி. முதல் பக்கத்தில் "வாரிக்கய" என்று இருக்கிறது, தவணை. மூன்றாம் பக்கத்தில் கட்டத் தவறினால் என்ற இடத்தில் "குலிய" என்று எழுதியிருக்கிறார்கள், வாடகை. ஒரே ஒப்பந்தம், இரண்டு சொல். எடுக்கும்போது தவணை, வெளியே போடும்போது வாடகை. எங்கள் பைலை எடுத்துப் பார்த்தேன், அதிலும் இப்படித்தான்.

நான் சட்டம் படித்தவள் இல்லை, ஒரு சட்டத்தரணியிடம் காட்டுங்கள். ஆனால் காசு கட்டின ரசீதில் என்ன சொல் இருக்கிறது என்று பாருங்கள், அதுதான் முக்கியமாக இருக்கும் போலத் தெரிகிறது. இருக்கிறதா எல்லாம்?

மட்டக்குளி_7ஆம்மாடி எழுதியது:

இருக்கிறது. அம்மா எல்லாவற்றையும் மாலிபன் பிஸ்கட் டின் ஒன்றில் வைத்திருக்கிறார், வருஷ வாரியாக ரப்பர் பாண்ட் போட்டு. இன்றைக்குத் திறந்து ஹோலில் பரப்பினோம். முதல் இரண்டு வருஷத்தது கையால் எழுதின ரசீது, கார்பன் கொப்பி, "வாரிக்கய" என்று நீல மையில் தெளிவாக இருக்கிறது. அதற்குப் பிறகு வங்கி மெஷின் துண்டு. அந்தப் பளபளப்புக் கடதாசி. 2016இலிருந்து 2019 வரைக்கும் எல்லாம் வெறும் வெள்ளைத் தாள், ஓர் எழுத்து இல்லை, ஒரு மூலையில் வங்கியின் சின்னம் மட்டும் மங்கலாகத் தெரிகிறது. அம்மா ஒவ்வொன்றாக லைட்டுக்கு நேரே பிடித்துப் பார்க்கிறார்.

பம்ப்_அறை எழுதியது:

அவற்றை அயர்ன் பண்ணிப் பார்க்காதீர்கள், முழுசாகக் கறுத்துவிடும். வங்கிக்குப் போய் அந்தக் கணக்குக்கு உங்கள் பேரில் வந்த கட்டணங்களின் விபரம் கேளுங்கள், எழுத்தில் கேளுங்கள், உங்கள் கொப்பியில் அவர்களுடைய சீலை வாங்குங்கள். பழசாக இருந்தால் கட்டணம் கேட்பார்கள்.

மட்டக்குளி_7ஆம்மாடி எழுதியது:

திங்கட்கிழமை லீவு போட்டிருக்கிறேன். 4ஆம் மாடி அக்காவும் அப்பக்கார நோனாவும் தங்கள் டின்னோடு வருகிறார்களாம். கடிதத்தை மட்டும் யாராவது தமிழிலும் சிங்களத்திலும் எழுதித் தந்தால் பதினொரு அடுப்புக்காரருக்கும் கொப்பி எடுத்துக் கொடுத்துவிடுவேன்.

கொம்பனித்தெருப்பிள்ளை எழுதியது:

சிங்களம் நான் எழுதுகிறேன். தமிழை டீச்சர் பார்க்கட்டும், என் எழுத்துப்பிழையை அவங்க தாங்க மாட்டாங்க.